அயல்நாட்டுப் பங்கும் உயர்ந்த ஈவும்



உத்தியோகத்தின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வந்து தங்கிவிட்ட தமிழர்களாகிய நம்மில் பலருக்கு ஏறத்தாழ ஒரே நிலைதான் வந்து வாய்க்கிறது. தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ முப்பது ஆண்டுக் காலம் உழைத்து ஓய்வு பெறும் நாளில் சேமநல நிதியும் பணிக்கொடையும் கைக்கு வருகின்றன. ஊரில் மேற்பார்வை பார்க்க ஆளில்லாமல் விற்றுவிட்ட காணி நிலத்தின் தொகையும் அதனுடன் சேருகிறது. இனிமேல் மாதச் சம்பளம் வராது. இருக்கிற தொகை எஞ்சிய காலத்துக்கெல்லாம் சோறு போட வேண்டும்.

இந்தச் சமயத்தில் அயல்நாட்டில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ ஒரு யோசனை சொல்லக்கூடும். "உலகத்துப் பெரிய கம்பெனிகளின் பங்குகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி வைத்திருக்கும் நிதி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து வீதம் ஈவு கொடுக்கிறது, அதுவும் டாலரில் கொடுக்கிறது" என்பதே அந்த யோசனை. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. அதை ஏற்பதா, மறுப்பதா? சந்தையில் காணப்படும் குறிகளைக் கொண்டு இத்தகைய ஒரு நிதியை மதிப்பிடுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் பொருளாதார நிபுணன் அல்லன். சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல்லைக் கண்டால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பது என் தொழில். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் 'டிவிடெண்டு' என வழங்குவதைத் தமிழில் 'இலாப ஈவு' என்கிறோம். கம்பெனி தன் இலாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்கு ஈவதனால் அது ஈவு. ஆனால் நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டபோது 'ஈவு' என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் வகுத்தால் வரும் விடைக்கும் ஈவு என்றுதான் பெயர். கொடை என்ற பொருளும், வகுத்து வந்த விடை என்ற பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உதவியாக இருக்கிறது. ஏனெனில், 'நூற்றுக்கு ஐந்து வீதம்' என்று விளம்பரத்தில் காணும் ஈவு வீதம் கொடையின் அளவு அன்று. வகுத்து வந்த விடை. ஓராண்டில் ஒரு பங்குக்குக் கொடுத்த தொகையை அந்தப் பங்கின் இன்றைய விலையால் வகுத்தால் ஈவு வீதம் கிடைக்கிறது. வகுக்கப்படும் எண் பெரிதானாலும் விடை பெரிதாகும். வகுக்கும் எண் சிறிதானாலும் விடை பெரிதாகும். ஒன்று செழிப்பின் அடையாளம். மற்றொன்று நலிவின் அடையாளமாக இருத்தல் கூடும். விடையை மட்டும் பார்த்து எது என்று சொல்ல இயலாது.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏரிப் பாசனம் உள்ள ஒரு நிலத்தின் விலை பத்து இலட்சம் ரூபாய். ஆண்டுக் குத்தகை ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய். மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்துவிட்டது. ஐந்து இலட்சத்துக்குக் கேட்பாரும் அரிதாகிவிட்டனர். சென்ற ஆண்டுக் குத்தகையான ஐம்பதாயிரத்தை இன்றைய விலையான ஐந்து இலட்சத்தால் வகுத்தால் விடை நூற்றுக்குப் பத்து. நிலத்தின் வருவாய் இரட்டித்துவிட்டது என்று எவரேனும் மகிழ்வாரா? வரும் ஆண்டில் குத்தகை வருமா என்பதுதானே கேள்வி? பங்குச் சந்தையிலும் இது நடக்கிறது. அங்கே ஏரிக்கரை உடைந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்து வீதம் என்ற எண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

இது கற்பனைக் கணக்கு அன்று என்பதற்குச் சரித்திரம் சான்று தருகிறது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கம்பெனிகளில் உயர்ந்த ஈவு தரும் பங்குகளைத் திரட்டும் 'ஐஷேர்ஸ்' நிதி ஒன்று 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் உலகையே உலுக்கிய நெருக்கடி வந்தது. 2009 மார்ச்சுக்குள் அந்த நிதியின் விலை பாதிக்கும் மேல் சரிந்தது. பழைய ஈவைப் புதிய விலையால் வகுத்தவர்களுக்கு அப்போது கிடைத்த விடை மிகக் கவர்ச்சியானதாகவே இருந்திருக்கும். ஆனால் அந்நாளில் பெரிய ஈவு வழங்குவோர் எனப் பெயர் பெற்றிருந்த பிரிட்டிஷ் பாங்குகளின் நிலை என்ன? ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2008-இல் ஈவை நிறுத்தியது. மறுபடியும் வழங்கத் தொடங்கியது 2018-ஆம் ஆண்டில்தான். பத்தாண்டுகள்! ஓய்வு பெற்றவரின் வாழ்க்கையில் பத்தாண்டு என்பது சிறு காலம் அன்று.

ஆகவே முதற்குறியாகிய ஈவு வீதத்தைக் கேள்வியாகக் கொள்ள வேண்டுமேயன்றி விடையாகக் கொள்ளலாகாது. 'இது ஏன் இவ்வளவு உயர்ந்திருக்கிறது?' என்று கேட்க வேண்டும். மற்றக் குறிகள் யாவும் இந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகளே.

அந்த வீதத்தைக் கணக்கிடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறத்தாழச் சமமான தொகையை வழங்குகின்றன. ஐரோப்பாவிலோ ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது இருமுறை, அதுவும் பெரும்பாலும் வசந்த காலத்தை ஒட்டி வழங்குவதே வழக்கம். ஆகவே அயல்நாட்டுப் பங்கு நிதியின் வருவாய் ஒரு காலாண்டில் பெருகியும் அடுத்ததில் சுருங்கியும் வரும். பெருகிய காலாண்டின் தொகையை நான்கால் பெருக்கி ஆண்டு வருவாய் என்று சொல்வாருண்டு. அது அறுவடை மாதத்து நெல்லைப் பன்னிரண்டால் பெருக்குவது போன்றது. கடந்த பன்னிரண்டு மாதங்களிலும் வந்த தொகையைக் கூட்டிப் பார்ப்பதே முறை. ஒரே ஆண்டைப் பாராமல் ஐந்தாறு ஆண்டுகளைப் பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கும்.

இரண்டாவது குறி, கடன் பத்திரங்களின் வட்டி. ஒரு வருவாய் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது பக்கத்தில் எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டு வரையில் பங்குகளின் ஈவு வீதம் கடன் பத்திரங்களின் வட்டியைக் காட்டிலும் பொதுவாக உயர்ந்தே இருந்து வந்தது. பங்கில் ஆபத்து மிகுதி. ஆதலால் வருவாயும் மிகுதியாக இருக்க வேண்டும் என்பது அந்நாளைய முதலீட்டாளர்களின் கொள்கை. ஈவு வட்டிக்குக் கீழே இறங்கினால் விலை எல்லை மீறிவிட்டது என்று கருதி விற்றுவிடுவார்கள். 1958-இல் ஈவு கீழே இறங்கியது. விலை விழும் என்று பழைய அனுபவசாலிகள் காத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து 2008-ஆம் ஆண்டு நெருக்கடியின்போதுதான் பழைய நிலை தலைகாட்டியது. இலாபம் வளரும், பணத்தின் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றியதால் வளர்ச்சியை நம்பிக் குறைந்த ஈவுக்கும் இசைந்துவிட்டனர். எந்தக் குறியும் எக்காலத்துக்கும் ஒரே பொருளைச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

எனினும் ஒப்புநோக்குதல் அவசியம். அமெரிக்க சர்க்காரின் பத்தாண்டுக் கடன் பத்திரம் 2020 ஆகஸ்டில் நூற்றுக்கு அரை வீதம் அளவுக்கே வட்டி தந்தது. 2023 அக்டோபரில் ஐந்தைத் தொட்டது. நான்கு வீதம் ஈவு தரும் நிதி முதல் நாளில் எட்டு மடங்கு உயர்ந்ததாகத் தோன்றும். இரண்டாம் நாளில் சர்க்கார் பத்திரத்துக்கும் குறைந்ததாகத் தோன்றும். நிதி அதுவேதான், அளவுகோல் மாறிவிட்டது. நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. நம் பாங்குகளிலும் அஞ்சலகத்திலும் முதியோருக்குக் கிடைக்கும் வட்டியே அது. அதைப் பக்கத்தில் வைக்காமல் ஐந்து வீதத்தை உயர்ந்தது என்று சொல்வது பொருந்தாது.

மூன்றாவது குறி, இலாபத்தில் எத்தனை பங்கு ஈவாக வெளியேறுகிறது என்பது. நூறு ரூபாய் சம்பாதித்து ஐம்பது ரூபாயை ஈவாகக் கொடுக்கும் கம்பெனி, கெட்ட ஆண்டிலும் தாக்குப் பிடிக்கும். தொண்ணூறு கொடுப்பது கயிற்றின் மேல் நடப்பது. நூற்றுப் பத்துக் கொடுத்தால் விதைநெல்லைக் குத்திச் சமைப்பதாகும். வியாபாரத்தின் தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுரங்கம், எண்ணெய் போன்ற தொழில்களில் விலை ஏறும் காலத்தில் இலாபம் கொழிக்கும். இறங்கும் காலத்தில் வற்றும். பி.எச்.பி. என்ற ஆஸ்திரேலியச் சுரங்கக் கம்பெனி, ஈவைக் குறைப்பதில்லை என்ற கொள்கையைப் பல்லாண்டுக் காலம் போற்றி வந்தது. கனிப்பொருள்களின் விலை வீழ்ந்ததும் 2016 பிப்ரவரியில் அக்கொள்கையைக் கைவிட்டு, 62 சென்ட்டாக இருந்த அரையாண்டு ஈவை 16 சென்ட்டாக்கியது. ஷெல் எண்ணெய்க் கம்பெனி இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஈவைக் குறைத்ததே இல்லை என்ற பெருமை உடையதாக இருந்தது. 2020 ஏப்ரலில் 47 சென்ட்டை 16 சென்ட்டாக்கியது. பெருமை ஈவைக் காப்பாற்றாது, இலாபமே காப்பாற்றும்.

இதனுடன் சேர்ந்தது விலைக்கும் இலாபத்துக்கும் உள்ள விகிதம். பங்கின் விலை ஓராண்டு இலாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்று காட்டுவது அது. விகிதம் குறைவாகவும் ஈவு உயர்வாகவும் இருந்தால் மலிவு என்று தோன்றும். ஆனால் சென்ற ஆண்டு இலாபம் மீண்டும் வரப்போவதில்லை என்று சந்தை கருதும்போதும் இவ்விரு குறிகளும் இவ்வாறே தோன்றும். மலிவான சரக்கும் மட்டமான சரக்கும் ஒரே விலையில் விற்கும் கடைவீதி அது.

நான்காவதாக, நிதிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். 'உயர் ஈவு நிதி' என்ற பெயரில் உள்ள இரண்டு, முற்றிலும் வேறுபட்டிருக்கலாம். முன்னே குறிப்பிட்ட ஐஷேர்ஸ் நிதி வளர்ச்சியுற்ற நாடுகளில் உயர்ந்த ஈவு தரும் ஏறத்தாழ நூறு கம்பெனிகளைத் தேர்ந்தெடுப்பது. 2016-இல் தொடங்கிய 'வான்கார்டு' நிதியின் முறை வேறு. அமெரிக்கா நீங்கலாக உள்ள உலகத்துப் பங்குகளை எதிர்பார்க்கும் ஈவு வீதப்படி வரிசைப்படுத்தி, மேலேயுள்ள பாதியை எடுத்துக்கொள்வது. அதிலும் பெரிய கம்பெனிக்குப் பெரிய பங்கு, சிறியதற்குச் சிறிய பங்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அதில் அடங்கும். முதலாவதில் ஈவு வீதம் சற்று உயர்வாக இருப்பது இயல்பு. ஓரிரு கம்பெனிகள் இடறினால் அடிபடும் அளவும் உயர்வு. இரண்டாவது பரந்தது, மெதுவானது. நிர்வாகச் செலவிலும் வேற்றுமை உண்டு. முதலாவதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ அரை வீதம். இரண்டாவதற்குக் கால் வீதத்துக்கும் குறைவு. அரை வீதம் அற்பமாகத் தோன்றலாம். வருவாயே ஐந்து வீதமாக இருக்கையில் அரை என்பது அதில் பத்தில் ஒரு பாகம் என்பதை நினைவிற்கொள்க.

நாடுகளின் பட்டியலையும் பார்த்தல் வேண்டும். ருஷ்ய எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள் நெடுங்காலமாக மிக உயர்ந்த ஈவு வீதம் காட்டி வந்தன. அரசியல் ஆபத்தைச் சந்தை விலையில் கழித்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது படையெடுப்பு நிகழ்ந்தது. மறுமாதமே அப்பங்குகள் உலகக் குறியீட்டெண்களிலிருந்து பூஜ்ய மதிப்பில் நீக்கப்பட்டன. வகுக்கும் எண் பூஜ்யமானால் கணக்கே நின்றுவிடுகிறது. ஒரு நாடு, ஒரு தொழில் ஆகியவற்றில் நிதியின் பெரும்பகுதி தங்கியிருக்குமானால், அதன் உயர்ந்த ஈவு அந்த ஆபத்துக்குரிய கூலி என்றே கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, விலையின் போக்கைக் காட்டும் குறிகள் உள்ளன. பத்திரிகைகளில் 'இருநூறு நாள் சராசரி' என்று படித்திருப்பீர்கள். கடந்த இருநூறு வியாபார நாள்களின் விலையைச் சராசரி எடுத்து, இன்றைய விலை அதற்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்ப்பது இது. மேலே இருந்தால் போக்கு ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம் என்பர். மற்றொன்று, சந்தையின் அச்சத்தை அளப்பதாகச் சொல்லப்படும் 'விக்ஸ்' என்ற குறியீட்டெண். சிகாகோவில் 1993 முதல் கணக்கிடப்பட்டு வருவது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 16 அன்று அது 82.69 என்ற உச்சத்தில் முடிவடைந்தது. அமெரிக்கச் சந்தை அடித்தளத்தைத் தொட்டது ஒரு வாரம் கழித்து, மார்ச் 23 அன்று. அச்சத்தின் உச்சியில் விற்றவர்கள் ஏறத்தாழ மிகத் தாழ்ந்த விலைக்கே விற்றார்கள் என்பது இதனால் விளங்கும்.

இக்குறிகளை இகழ வேண்டியதில்லை. ஈவு உயர்ந்து, விலை இருநூறு நாள் சராசரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தால், ஏரிக்கரையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது என்று அவை நம்மை எச்சரிக்கின்றன. ஆனால் மாத வருவாய்க்காக நீண்ட காலம் வைத்திருக்கக் கருதுபவர் நாள்தோறும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதால் உறக்கம் கெடுமேயன்றி வருவாய் கூடாது.

ஈவைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே நீக்கிக்கொள்ள வேண்டும். ஈவு பெறும் உரிமை பங்கைவிட்டு நீங்கும் நாளன்று, வேறு காரணம் எதுவும் இல்லையாயின், பங்கின் விலை அந்த ஈவின் அளவுக்குக் குறைகிறது. கம்பெனியின் பெட்டியிலிருந்த பணம் நம் பைக்கு வருகிறது, அவ்வளவே. எனவே ஒரு நிதியின் தகுதியை அளக்கும்போது ஈவை மட்டும் எண்ணாமல், விலையின் ஏற்ற இறக்கத்தையும் கூட்டி, மொத்தப் பலன் என்ன என்று காண வேண்டும். ஐந்து வீதம் ஈவு தந்து ஆண்டுக்கு மூன்று வீதம் விலை தேய்ந்தால் உண்மையான பலன் இரண்டே. மொத்தப் பலனையும் ஒரே பத்தாண்டில் பார்த்து முடிவு கட்டலாகாது. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் அமெரிக்கப் பெருங்கம்பெனிகளின் பங்குகள், ஈவையும் சேர்த்துக்கூட, நஷ்டத்தையே தந்தன. பிற நாட்டுப் பங்குகளே மேல் என்று அன்று சொன்னார்கள். அடுத்த பத்தாண்டில் அமெரிக்கா முந்தியது. பிற நாடுகள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். 2025-இல் பிற நாட்டுப் பங்குகள் மறுபடியும் முந்தின.

இனி, அயல்நாட்டு நிதிக்கே உரிய குறிக்கு வருகிறேன். அது நாணய மாற்று வீதம். 'டாலரில் ஈவு கிடைக்கிறது' என்று மகன் சொன்னது எழுத்தளவில் உண்மை. ஆனால் அந்த நிதியின் சொத்து டாலரில் இல்லை. சுவிட்ஜர்லாந்தின் பிராங்கிலும், ஜப்பானின் யென்னிலும், பிரிட்டனின் பவுனிலும், ஆஸ்திரேலிய டாலரிலும் இருக்கிறது. கம்பெனி யென்னில் ஈவு கொடுக்கிறது. நிதி அதை டாலராக மாற்றுகிறது. நாம் ரூபாயாக மாற்றுகிறோம். டாலர் நடுவிலே உள்ள தோணி மட்டுமே. கரையேறும்போது நம் கையில் இருப்பது யென்னுக்கும் ரூபாய்க்கும் உள்ள உறவுதான்.

2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 103 யென். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 73 ரூபாய். பத்தாயிரம் யென் ஈவு அன்று சுமார் 7,100 ரூபாயாக வந்து சேரும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கு மேல். ரூபாயோ சுமார் 83.50. அதே பத்தாயிரம் யென் இப்போது சுமார் 5,200 ரூபாய்தான். டாலருக்கு எதிரே ரூபாய் மதிப்பிழந்ததால் நமக்கு இலாபம் என்று எண்ணியவர், ரூபாயைக் காட்டிலும் யென் மிகுதியாக மதிப்பிழந்ததைக் கவனியாது விட்டார். பல நாட்டு நாணயங்கள் கலந்திருப்பதால் ஒன்றின் வீழ்ச்சியை மற்றொன்று ஓரளவு ஈடு செய்யும். எனினும் 'டாலர் வருமானம்' என்ற சொற்றொடர் தரும் நிம்மதி இத்தகைய நிதிக்கு முழுதும் பொருந்தாது. டாலரின் பொதுவான வலிமையைக் காட்டும் குறியீட்டெண் ஒன்று உண்டு; 1973 மார்ச்சில் அதன் மதிப்பு நூறு. 2022 செப்டம்பரில் அது 114 வரை உயர்ந்தபோது, பிற நாட்டுப் பங்குகளின் டாலர் விலை அந்த அளவுக்குப் பாரம் சுமந்தது. அக்குறியீட்டெண் இறங்கும் காலத்தில் அதே பங்குகள் இலேசாக மேலெழும்.

கடைசிக் குறி சந்தையில் தென்படுவதன்று. வரிச் சட்டத்தில் இருப்பது. சுவிஸ் கம்பெனி வழங்கும் ஈவில் நூற்றுக்கு 35 வீதத்தை அந்நாடு முதலில் பிடித்துக்கொள்கிறது; ஒப்பந்தத்தின்படி ஒரு பகுதியை நிதி திரும்பப் பெறலாம். பிரிட்டன் சாதாரணக் கம்பெனி ஈவில் ஒன்றும் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் பதிவான நிதி இந்தியாவில் வசிப்பவருக்கு ஈவு அனுப்பும்போது, இரு நாட்டு உடன்படிக்கையின்படி நூற்றுக்கு 25 வீதம் அங்கே பிடிக்கப்படுகிறது. பிறகு நம் நாட்டு வருமான வரி. நிதி அமெரிக்காவுக்கு நம் பெயரில் செலுத்திய வரியை இங்கே கழித்துக்கொள்ள இடமுண்டு. சுவிட்ஜர்லாந்து நிதியிடம் பிடித்ததை நாம் கழிக்க இயலாது. முப்பது வீதப் படிநிலையில் இருப்பவருக்கு ஐந்து வீத ஈவில் கடைசியாக மிஞ்சுவது ஏறத்தாழ மூன்றரை. பாங்கில் ஏழு வீதம் வட்டி வாங்குபவருக்கு அதே வரி போக மிஞ்சுவது ஏறத்தாழ நாலே முக்கால் முதல் ஐந்துக்குள். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிய பின்பே முடிவுக்கு வர வேண்டும். பங்கின் விலை காலப்போக்கில் வளரக்கூடும், பாங்கு முதல் வளராது என்பதையும் அதே தாளில் எழுதுதல் நியாயம்.

ரிசர்வ் பாங்கு 2004-இல் ஏற்படுத்திய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், ஒருவர் ஓராண்டில் அனுப்பக்கூடிய தொகை 2015-இல் இரண்டரை இலட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. முதலீட்டுக்காக ஓராண்டில் அனுப்பும் தொகை குறித்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 வீதம் முன்வரியாகப் பிடிக்கப்படும். 2025 ஏப்ரலில் அவ்வரம்பு பத்து இலட்சம் ரூபாயாக்கப்பட்டது. அது பின்னர் வருமான வரியில் கழியும். ஆயினும் கணக்கு முடியும் வரையில் அந்தப் பணம் நம் கையில் இராது. அயல்நாட்டுச் சொத்தை வருமான வரிக் கணக்கில் தவறாமல் காட்டவும் வேண்டும்.

முதியோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்கக் குடிமகனாகவோ, அங்கே நிலையாக வசிப்பவராகவோ இல்லாத ஒருவர் இறக்கும்போது, அங்குள்ள அவருடைய சொத்து அறுபதாயிரம் டாலருக்கு மேற்பட்டிருந்தால், மேற்பட்ட பகுதிக்கு மரணச் சொத்து வரி உண்டு; அதன் உச்ச வீதம் நூற்றுக்கு நாற்பது. அமெரிக்காவில் பதிவான நிதியின் பங்குகளும் இதில் அடங்கும். அயர்லாந்தில் பதிவான நிதிகளுக்கு இவ்வரி இல்லை. நிதி எங்கே பதிவாகியிருக்கிறது என்பது உள்ளே என்ன பங்குகள் இருக்கின்றன என்பதற்குச் சமமாக முக்கியமானது. மனைவிக்கும் மக்களுக்கும் விட்டுச் செல்ல எண்ணிய பணமன்றோ அது?

இவ்வளவும் கேட்ட பின், 'அப்படியாயின் அயல்நாட்டு ஈவு நிதியே வேண்டாம் என்கிறீரோ?' என்று வினவலாம். அது என் கருத்தன்று. நம் வருவாயும் வீடும் பிள்ளைகளின் உத்தியோகமும் ஒரே நாட்டின் பொருளாதாரத்தைச் சார்ந்திருக்கையில், சேமிப்பில் ஒரு சிறு பகுதி பல நாட்டுத் தொழில்களில் பரவியிருப்பது அறிவுடைமையே. மாத அரிசிக்கும் மருந்துக்கும் அதை நம்பியிராதவருக்கு, இடையில் ஓரிரு ஆண்டு ஈவு குறைந்தாலும் பொறுத்திருக்க வல்லவருக்கு, அது தக்க முதலீடாகலாம். ஓய்வூதியம் இன்றி அந்த ஈவையே ஊன்றுகோலாகக் கொள்ள வேண்டியவருக்கு, எவ்வளவு உயர்ந்த வீதமானாலும் அது உகந்ததன்று.

ஆகவே, அடுத்த முறை மகன் தொலைபேசியில் அழைத்து ஐந்து வீதம் என்று சொல்லும்போது, உடனே சரி என்றோ, சூதாட்டம் என்றோ சொல்லிவிட வேண்டாம். "கொடை பெருகியதால் ஐந்தா, விலை சிறுத்ததால் ஐந்தா? ஆறு ஆண்டுகளாக வந்த தொகை என்ன? இலாபத்தில் எத்தனை பங்கைக் கொடுக்கிறார்கள்? எந்த நாடு, எந்தத் தொழில்? நிதியின் பதிவு எங்கே? வரி போக ரூபாயில் என்ன மிஞ்சும்?" என்று நிதானமாகக் கேளுங்கள். கேட்டு, அவன் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விடை தெரிந்த பிள்ளையானால் மகிழ்ந்து சொல்வான். தெரியாதவனானால் தேடித் தெரிந்துகொள்வான். அதுவும் குடும்பத்துக்கு இலாபமே. காணி நிலத்தை விற்ற பணம் ஒருமுறைதான் கைக்கு வரும். அதை அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் கணக்குப் பார்ப்பதனால் ஒன்றும் குறைந்துவிடாது.